தண்ணீர் விழும் சத்தம்

இன்னொரு ஜக். தரையில் பட்டென்று விழுந்த தண்ணீர் சிதறி, சுவரோரமாக ஓடி, மூலைத் துவாரத்தில் களகளவென்று இறங்கியது. துளசிமணி அடுத்த ஜக்கை மொண்டு, ஊற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். பின்புறக் குளியலறையான பொடக்காலியின் தகரக் கதவுக்கு அப்பால் நாலடி முற்றம். அதற்கப்பால் சமையல்கட்டு. சமையல்கட்டு மேடையில் உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்த செல்போன், இந்தத் தகரக் கதவைப் பார்த்தபடி நிற்கிறது. போனுக்குள்ளிருந்து ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் வருகிறது, டக் டக்கென்று, ஒரு றெக்கை எதிலோ உரசுவதுபோல. அந்த மின்விசிறி இந்த வீட்டில் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், ஆவணி மாதம் இவளுக்கு மருமகனாகப் போகிற சபரிநாதனின் தலைக்கு மேல் சுற்றுகிறது. அவன் பேசவில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். காலையில் எழுந்ததும் போட்ட வீடியோ கால், படுக்கப் போகும்வரை அணையக் கூடாது. இந்துஜா குளிக்கப் போனால் போனைக் கதவுக்கு நேராக வைத்துவிட்டுப் போகவேண்டும். நிச்சயம் முடிந்த மறுவாரம் ஏற்பட்ட பழக்கம் இது. போனும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். துளசிமணி இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தாள், எங்க மாப்பிள்ளை எம்பொண்ணை ஒரு நிமிசம் பார்க்காம இருக்க மாட்டேங்கறாருங்க என்று. சொன்ன வாய் இந்த வாய்தான். அந்த வாயை இப்போது இறுக்கி மூடிக்கொண்டு, ஜக்கைக் கவிழ்த்தாள். பட். களகள.

கதவுக்கு உள்ளே இந்துஜா இல்லை. அது அவனுக்குத் தெரியாது. இந்தப் பொடக்காலிக்கு இரண்டு கதவு என்பதும் தெரியாது. பின்சந்தைப் பார்த்த அந்தக் குட்டைக் கதவு, அந்தக் காலத்தில் கக்கூஸ் அள்ள வருகிறவர்களுக்காக வைத்தது. அதை யாரும் திறந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. நேற்று இந்துஜா தேங்காய் எண்ணெய் விட்டுத் தாழ்ப்பாளை இளக்கி வைத்திருந்தாள். காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, போனுக்கு முன்னாலேயே மகளின் தலையில் வைத்து, அரை மணி ஊறவிட்டு, வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் நடக்கிறதுபோலத்தான் எல்லாம் நடந்தது. எண்ணெய்க் குளியல் என்றால் பெண்கள் நேரம் எடுத்துக்கொள்வார்கள், அதை எந்த ஆம்பளையும் கேட்க மாட்டான், அதனால்தான் வெள்ளிக்கிழமை என்று இந்துஜா சொன்னாள். இவள் போனுக்குக் கேட்கிறபடி, கண்ணு, நீ தண்ணி வாத்துக்க, நான் மளிகைக் கடைக்குப் போயிட்டு வந்தர்றேன் என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போய், வீதியைச் சுற்றிப் பின்சந்துக்கு வந்தாள். குட்டைக் கதவு திறந்தது. குனிந்து வெளியே வந்த மகளும் குனிந்து உள்ளே போன தாயும் ஒரு நொடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எண்ணெய் சொட்டும் தலையை இழுத்துக் கட்டி, துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள் இந்துஜா. நெற்றியில் ஒரு கோடு எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கினாள் துளசிமணி. அதற்குள் மகள், "கொழாயத் தொறந்தே வெச்சிரும்மா, நிறுத்திப் போடாதே. அவரு கூப்பிட்டா 'ம்' மட்டும் சொல்லு. பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்துல மணியடிச்சா வண்டி போயிருக்கும். அதுக்கப்புறம் நீ என்ன வேண்ணாலும் பேசிக்க" என்றாள். எந்த வண்டி, எந்த ஊர் என்று சொல்லவில்லை. துளசிமணி நேற்றே கேட்டாள். தெரிஞ்சா நீ சொல்லிப்போடுவே என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்கிறதுபோலச் சொன்னாள்.

சொல்லித்தானே போட்டாள். ரெண்டு மாசத்துக்கு முன்னால், இந்துஜா கூடப் படித்த ரெஜினா வீட்டுக்கு ஒரு மத்தியானம் போயிருந்தாள். போனை வீட்டில் மறந்து வைத்ததுபோல வைத்துவிட்டு, அவருக்குத் தெரிய வேண்டாம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அத்தைங்க, சாப்டீங்களாங்க, கால்வலி தேவலையாங்க என்றெல்லாம் கேட்டுவிட்டு, இந்து எங்கீங்க என்றான். அத்தனை மரியாதையாகக் கேட்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது. துளசிமணியை வாழ்நாளில் யாரும் அத்தனை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ரெஜினா வீடு எந்த வீதி, எத்தனாவது வீடு என்பதுவரை சொன்னாள். அன்று சாயந்திரம் இந்துஜா முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து டீ குடித்தாள். துளசிமணி பார்த்தாள். பார்த்துவிட்டு, இந்த வெயில்ல எதுக்குக் கண்ணு முழுக்கை என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். துணி காயவே இல்லை. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றது இப்போது ஞாபகம் வருகிறது. ஜக். பட். களகள. எத்தனை ஜக் ஆச்சு. இந்துஜா பஸ் ஏறியிருப்பாளா. வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயில் கூட்டம் பஸ்ஸில் இருக்கும். எண்ணெய்த் தலையோடு ஒரு பெண் நின்றால் திரும்பிப் பார்ப்பார்களே. பார்த்தவர்களில் ஒருத்தர் அவன் கடையில் டியூப் வாங்குகிறவராக இருந்தால். துளசிமணி இன்னொரு ஜக்கைக் கவிழ்த்தாள்.

போன வெள்ளிக்கிழமைதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று எப்படிச் சொல்வது, விரல் கண்டுபிடித்தது. வேண்டாம் வேண்டாம் என்றவளை இழுத்து உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தபோது, வலது காதுக்குப் பின்னால் விரல் வழுக்கியது. ஒரு புளியங்கொட்டை அளவுக்கு முடியே இல்லாமல் வழவழவென்று ஓர் இடம். விரல் அங்கேயே நின்றுவிட்டது. மகளும் அசையவில்லை. போன் எதிரே ஜாடிமேல் சாய்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. துளசிமணி விரலை எடுக்காமல், மற்றக் கையால் தன் தலையைத் தடவுகிறவள்போலத் தன் வலது காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். அதே இடம். அதே அளவு. இருபத்தாறு வருசமாக அங்கே முடி முளைக்கவில்லை, பூ வைக்கும்போது மட்டும் கொஞ்சம் கீழே தள்ளி வைத்துக்கொள்வாள். ஒரே ஆள் வந்து இரண்டு பேரையும் பிடித்து இழுத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அவள் புருசன் சென்னியப்பன் செத்து ஆறு வருசம் ஆகிறது. சுவரில் மாலைக்குள் இருக்கிறார். பல்பு மினுக் மினுக்கென்று எரிகிறது. அவர் எப்படி வந்து மகளின் தலையைப் பிடித்திருக்க முடியும்.

அவர் சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. அதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். செருப்பைக் கழற்றுவார், சட்டையை ஆணியில் மாட்டுவார், பிறகு மெதுவாக, "கிரைண்டரப் போடு" என்பார். இவள் எழுந்து போய் ஸ்விட்சைப் போடுவாள். தன் கையால்தான் போடுவாள். அரிசி ஊறவைத்திருந்தால் அரிசி, இல்லாவிட்டால் வெறும் கல். கல்லோடு கல் உரசிக் கறகறவென்று ஓடும் சத்தத்துக்கு நடுவே மற்றது நடக்கும். முடிந்ததும் அவரே நிறுத்துவார். அடுத்த வீட்டு ருக்குமணியக்கா ஒருதடவை தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாருக்கும் நடுவே, உங்க ஊட்ல நித்தமும் மாவாட்டறீங்க, ஒரு இட்லி இந்தப் பக்கம் வரமாட்டேங்குதே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். துளசிமணியும் சிரித்தாள். சிரிக்கும்போது கன்னத்தின் உள்பக்கம் பல்லில் பட்டு வலித்தது. ருக்குமணியக்காவின் கண் மட்டும் சிரிக்கவில்லை என்பதை அன்று கவனித்தாள், கவனித்து வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது. ஆறு வீடு உள்ள இந்த லைனில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சத்தம் இருந்தது. ருக்குமணியக்கா வீட்டில் டிவி. திடீரென்று அலறும், நாடகம் ஓடாத நேரத்தில்கூட. நாலாம் வீட்டில் மிக்சி. கடைசி வீட்டில் குக்கர், வெறும் தண்ணீரை வைத்து எட்டு விசில், ஒன்பது விசில். எந்தச் சத்தம் எதற்கு என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். இந்துஜா அப்போது சின்னது. கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் எழுந்து இங்கே வந்துவிடும். இதே பொடக்காலியில் நின்றுகொண்டு தரையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும். கிரைண்டர் நிற்கும்வரை ஊற்றும். முந்நூறு குடம் சுமக்கிறேன், நீ தண்ணியக் கொட்டி விளையாடறயா என்று துளசிமணி அதை முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். வீங்கின கையால் வைத்திருக்கிறாள். அது விளையாட்டு இல்லை என்று இப்போது, அதே தரையில், அதே சத்தத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான்—

சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது. பக்கெட் நிறைந்து விளிம்பில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. குழாயின்மேல் அவள் கை இருந்தது. மூடியிருந்தது. மகள் நிறுத்தாதே என்று சொல்லியும், பக்கெட் நிறைந்ததும் அவள் கை தானாகப் போய் மூடியிருக்கிறது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து தண்ணீர் சுமந்த கை. ஒரு சொட்டு வீணாக ஓடினால் தூக்கத்திலும் எழுந்துபோய் மூடுகிற கை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போனில் மின்விசிறிச் சத்தமும் நின்றுவிட்டதுபோல இருந்தது. இல்லை, அவன் போனைக் காதோடு வைத்துக்கொண்டிருக்கிறான். மூச்சு கேட்டது. தகரக் கதவின் ஓட்டை வழியாக அந்த மூச்சு உள்ளே வந்து முழங்காலில் படுவதுபோல இருந்தது.

"இந்து," என்றான்.

துளசிமணியின் குரலும் மகளின் குரலும் போனில் ஒன்றுபோல இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். "ம்," என்றாள். அது தன் தொண்டையிலிருந்து வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அத்தை கடைக்குப் போயிட்டாங்களா என்றான். ம். போய் எவ்வளவு நேரமாச்சு என்று கேட்கவில்லை. பிறகு பேசினான். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. 'ங்க' எதுவும் இல்லை. கோபமும் இல்லை. நேத்து பஸ்ல உன் பக்கத்துல நின்னவன் யாருன்னு நான் இன்னும் கேக்கலை, நீயாச் சொல்லுவேன்னு பார்த்துட்டிருக்கேன் என்றான். நிதானமாக, ஒரு குழந்தைக்குக் கணக்கு சொல்லித் தருகிறதுபோலச் சொன்னான். காதுக்குப் பின்னால முடி மொளைச்சுருச்சா, மொளைக்கலைன்னாலும் கல்யாணத்தன்னிக்குப் பூ வெச்சா தெரியாது என்றான். துளசிமணி குழாயைத் திறக்கவேண்டும் என்று நினைத்தாள். கை வரவில்லை. சென்னியப்பனும் இப்படித்தான், முதல் வருசத்தில், பூ வெச்சா தெரியாது என்றார். இவன் அவரைப் பார்த்ததுகூட இல்லையே. யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் இவர்களுக்கு. எங்கே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். செத்துப்போனவர் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாரோ.

"உங்கம்மாகிட்டச் சொல்லிப் பாரு," என்றான் அவன், சிரிப்போடு. "நீ சொன்னதை அந்தம்மா எங்கிட்டத்தான் வந்து சொல்லும்."

துளசிமணி ஜக்கை மொண்டு தரையில் ஊற்றினாள். இன்னொன்று. இன்னொன்று. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, தண்ணி கீழயே விழுவுது, மேல விழற சத்தமே இல்லையே என்றான். இத்தனை நாளும் மகள் குளிக்கும் சத்தத்தை இவன் இப்படியா கேட்டுக்கொண்டிருந்தான், எது தோளில் விழுகிற தண்ணீர், எது தரையில் விழுகிற தண்ணீர் என்று பிரித்துப் பிரித்து. துளசிமணி கொண்டையை அவிழ்த்தாள். புடவையோடு, ரவிக்கையோடு, ஜக் நிறைய மொண்டு தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் காதை அடைத்து இறங்கியது. அந்த வழவழப்பான இடத்தில் மட்டும் தனியாகச் சூடு தெரிந்தது. சீயக்காயை அள்ளித் தலையில் அப்பித் தேய்த்தாள். நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. எரியட்டும். இருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்குள் தான் இருபத்திரண்டு வயதுப் பெண்ணாகவும், வெளியே போனில் பேசிக்கொண்டிருப்பது தனக்குக் கட்டிவைக்கப்போகிற மாப்பிள்ளையாகவும், இன்னும் எதுவும் நடக்கவில்லை, குட்டைக் கதவு திறந்துதான் இருக்கிறது, குனிந்தால் போய்விடலாம் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியபடியே இன்னும் எத்தனை ஜக் ஊற்றினாளோ. அவன் வெளியே வா என்றான். ம் என்றாள். முகத்தைக் காட்டு. ம். நான் இப்ப வர்றேன் என்றான். போனுக்குள் நாற்காலி நகர்ந்தது. பைக் ஒன்று உதைபட்டுக் கிளம்பியது. இரண்டு தெரு. அஞ்சு நிமிசம்கூட ஆகாது. இந்துஜா எங்கேயோ ஒரு நடைமேடையில் நின்றுகொண்டிருந்தால், வண்டி இன்னும் வராமல் இருந்தால், இங்கே வந்து பார்த்துவிட்டு அங்கே போக எத்தனை நேரம் ஆகும். கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் ஐந்து நிமிசம் பிடித்து வைக்கலாம். ஊற்றினாள். பக்கெட்டின் அடியில் ஜக் இடித்தது. அப்போதுதான் வீதிக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தில் தண்டவாளத் துண்டைக் கம்பியால் தட்டினார்கள். பதினொன்றரை. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு வெளியே ஓடிவரும் சத்தம்.

துளசிமணி தகரக் கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்தாள். சமையல்கட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றாள். போனில் வானமும் அவன் மோவாயும் குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவன் கீழே பார்த்தான். வண்டி நின்றது. நுரையும் நரையுமாகத் தலைவிரித்து நின்ற தன் முகத்தை அவன் கண்ணில் அவள் பார்த்தாள்.

"அத்தைங்களா," என்றான். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. "இந்து எங்கீங்க அத்தை?"

"தெரியலீங்க," என்றாள் துளசிமணி. அது பொய் இல்லை. பொய் சொல்லத் தெரியாத வாய்க்கு மகள் பொய்யே தேவைப்படாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று நெஞ்சில் முள்ளாகத் தைத்தது, இப்போது கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்புபோல இருந்தது. அவன் இன்னும் இரண்டு தடவை அதே மரியாதையோடு கேட்டான். அதே பதிலைச் சொன்னாள். வண்டி மறுபடி கிளம்பியது. போனை அவன் அணைக்கவில்லை. அவளும் அணைக்கவில்லை. கால் தானாகக் கிரைண்டர் இருந்த மூலைக்குப் போனது. கை தானாக ஸ்விட்சுக்கு எழுந்தது. ஆள் வரும்போது சத்தம் போட்டு வைப்பது, குழாயை மூடுவதுபோல, அந்தக் கைக்குத் தெரிந்த வேலை. விரல் ஸ்விட்சில் பட்டது. ஈரக் கைக்குச் சுருக்கென்றது. துளசிமணி கையைக் கீழே இழுத்து, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தபடியே ஹாலைக் கடந்து, மாலைக்குள் இருந்தவரைக் கடந்து, முன்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, வாசற்படியில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது. ருக்குமணியக்கா வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் வீட்டில் மிக்சி. இது சட்னிக்குத்தானா, அதற்கா, தெரியவில்லை. ருக்குமணியக்கா வெங்காயத் தோலைக் கொட்ட வாசலுக்கு வந்தவள், இவளைப் பார்த்து முறத்தோடு நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள் துளசிமணி. "அந்த டிவிய நிறுத்துங்க. மிக்சிக்காரியவும் நிறுத்தச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கோணும்."

ருக்குமணியக்கா நுரை வழியும் தலையைப் பார்த்தாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள், உள்ளே போனாள். டிவி நின்றது. யாரோ சுவரைத் தட்டினார்கள். மிக்சி நின்றது. கடைசி வீட்டில் குக்கர் பாதி விசிலில் புஸ்ஸென்று இறங்கியது. ஆறு வீட்டிலும் ஒரு சத்தமும் இல்லை. இந்த லைனுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்டதே இல்லை; இத்தனை சின்ன வீதி, ஒரு ஆள் பெருமூச்சு விட்டால் ஆறாவது வீட்டில் கேட்கும். வாசல்களில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். கரண்டியோடு ஒருத்தி, ஈரக் கையோடு ஒருத்தி. யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. பைக் சத்தம் வந்தது. பின்னால் சமையல்கட்டில் போனுக்குள்ளிருந்து வந்தது, முன்னால் வீதி முக்கிலிருந்து வந்தது, இரண்டுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டும் நெருங்கி நெருங்கி ஒன்றாகி, வாசலில் வந்து நின்றது. அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அத்தைங்க, உள்ள போய்ப் பேசலாமுங்க என்று மெதுவாகச் சொன்னான்.

துளசிமணி எழுந்திருக்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கி, அந்த இடம் எல்லாருக்கும் தெரியும்படி தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, கடைசி வீடுவரை கேட்கிறபடி, தன் குரலில் ஆரம்பித்தாள்.